மறுமொழி: 'டிராடவுன்' தமிழில் – முகட்டிறக்கம்?

அனைவருக்கும் வணக்கம். ஒரு முதலீட்டின் மதிப்பு தான் தொட்ட உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியது என்பதை ஆங்கிலத்தில் 'டிராடவுன்' (drawdown) என்கிறார்கள். அதற்கு 'முகட்டிறக்கம்' என்ற சொல்லை முன்வைத்தேன்; அதையொட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> நட்டம் என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், தவறாகப் புரியும். நட்டத்தை வாங்கிய விலையிலிருந்து கணக்கிடுகிறோம்; டிராடவுனை அதற்குமுன் தொட்ட உச்சத்திலிருந்து. 100க்கு வாங்கிய பங்கு 300 வரை ஏறி 180க்கு இறங்கினால், கையில் இன்னும் 80 லாபம் இருக்கிறது. டிராடவுனோ 40 சதவீதம்.

> சரிவு, வீழ்ச்சி?

இரண்டையும் நாளிதழ்கள் தேய்த்துவிட்டன. 1987 அக்டோபர் 19இல் அமெரிக்கப் பங்குக் குறியீடான டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்ததும் வீழ்ச்சி, அரை சதவீதம் இறங்கினாலும் வீழ்ச்சி. எங்கிருந்து அளந்தார்கள் என்பது அந்தச் சொற்களில் இல்லை.

> உச்ச இறக்கம்?

பக்கத்தில் வந்துவிட்டீர்கள். 'மேக்சிமம் டிராடவுன்', அதாவது ஒரு காலப்பகுதியில் நேர்ந்த மிகப் பெரிய டிராடவுன், வரும்போதுதான் இடிக்கும்: 'அதிஉச்ச உச்ச இறக்கம்' என்று யார் எழுதுவது?

அதனால்தான் முகட்டிறக்கம் என்கிறேன். பள்ளி இயற்பியலில் அலையின் மேட்டுக்கு முகடு, பள்ளத்துக்கு அகடு என்று படித்தோமே, அதே முகடு. முகட்டிலிருந்து அகடுவரை எத்தனை சதவீதம் என்பதுதான் இந்த அளவு. 'பெரும முகட்டிறக்கம்' என்றும் தடங்கலின்றி நீட்டலாம். 10 சதவீதம் இறங்கினால் திருத்தம், 20 என்றால் கரடிச் சந்தை என்று சொல்லும் வழக்கமும் இதே அளவுகோலில்தான் நிற்கிறது.

கூடவே, பழைய முகட்டுக்குத் திரும்ப எடுக்கும் காலத்துக்கு 'மீள்காலம்' என்ற சொல்லும் வேண்டும். ஆழம் மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு 2020 பிப்ரவரி–மார்ச்சில் சுமார் 34 சதவீதம் இறங்கி, ஆகஸ்டிலேயே பழைய முகட்டைத் தாண்டியது. அதே குறியீட்டில் 2007 அக்டோபரில் தொடங்கிய முகட்டிறக்கம் 2009 மார்ச்சில் ஏறத்தாழ 57 சதவீதத்தைத் தொட்டது. மீள 2013 ஆயிற்று. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பர் முகட்டைக் கடந்தது 2024 பிப்ரவரியில்! ஓய்வுக்காலச் சேமிப்பை அங்கே மட்டும் வைத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள்.

> வரப்போகும் சரிவை முன்கணிப்பதும் சொல்லில் தொனிக்க வேண்டாமா?

வேண்டாம். அகடு எது என்பது சந்தை மறுபடி ஏறிய பிறகே தெரியும். இந்த அளவு முன்கணிப்புக்கு உதவாது, தற்காப்புக்கு உதவும். 50 சதவீதம் இறங்கிய பணம் பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். பாதியைப் பங்கிலும் பாதியை வைப்புநிதியிலும் வைத்தவருக்கு, அந்த 57 சதவீத இறக்கம் மொத்தத்தில் 28, 29 சதவீதமாகத்தான் தெரியும். 'என்னால் எவ்வளவு முகட்டிறக்கம் தாங்க முடியும்?' என்று ஒருவர் தமிழிலேயே கேட்டுக்கொண்டு முதலீட்டைப் பிரிக்க முடிந்தால் இந்தச் சொல் தேறிவிட்டது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஓய்வூதியக் கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுப்பதையும் டிராடவுன் என்கிறார்கள். அதற்கு இந்தச் சொல் ஒட்டாது. 'படியெடுப்பு' என்றால் நகலெடுப்பதாகிவிடும். அதைத் தனி இழையில் பேசலாமா?