மாடித்தோட்டத்துல தினமும் நாலு கத்தரிக்காய், ஏழெட்டு வெண்டைக்காய்: நாலு பேருக்கு எப்படிச் சமைக்கிறது?

தண்டையார்பேட்டை மாடி

எல்லாருக்கும் வணக்கம். வடசென்னையில எங்க மொட்டை மாடியில 14 பை வெச்சிருக்கோம். கத்தரி 4, வெண்டை 5, தக்காளி 2, பந்தல்ல பீர்க்கங்காயும் சுரைக்காயும், ஓரமா கொடிப்பசலை ஒரு பை. வாசல்ல முருங்கை மரம் இருக்கு.

காய்ப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு நாள் பறிச்சா கத்தரிக்காய் நாலு, வெண்டைக்காய் ஏழெட்டு, அவ்வளவுதான். எதுவும் தனியா பொரியலுக்குக் காணாது. சேர்த்து வெச்சா வெண்டைக்காய் செடியிலேயே முத்திடுது, ஃபிரிட்ஜ்ல வெச்ச கத்தரிக்காய் பழுப்பாயிடுது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு சாம்பார் வெச்சா வெண்டைக்காய் கொழகொழன்னு ஆகுது, கத்தரிக்காய் ஆளே தெரியாம கரையுது, சுரைக்காய் மட்டும் வேகாம நிக்குது. போர் தண்ணியில பருப்பு அஞ்சு விசில் விட்டாலும் குழையறதில்ல. முருங்கைக்கீரைப் பொரியல் கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டுக் கசக்குது. பீர்க்கங்காய்ல ஒண்ணு கசந்துச்சு, அதைச் சமைக்கலாமா?

காலையில ஏழரைக்குள்ள டப்பா கட்டணும். சுலபமான சமையலாச் சொல்லுங்க. அசைவமும் சாப்பிடுவோம்.

பெரம்பூர் அடுப்பங்கரை

கொஞ்சம் கொஞ்சமா வர்ற காய்க்குக் கூட்டை விட நல்ல வழி இல்லைங்க. ஒண்ணாச் சமைக்கலாம், ஆனா ஒண்ணாக் கொட்டக் கூடாது. வேகற நேரத்தைப் பார்த்து ஒண்ணு பின்னாடி ஒண்ணாப் போடணும். உங்க சாம்பார் கெட்டுப் போறது அங்கதான்.

நாலு பேருக்கு பாசிப்பருப்பு அரை டம்ளர், காய் எல்லாம் சேர்த்து 300 கிராம். பருப்பை வாசனை வர்ற அளவுக்கு மட்டும் வறுத்துக் கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு 2 விசில். எண்ணெய் விட்டா நுரை பொங்கி விசில் ஓட்டையை அடைக்காது. பக்கத்து அடுப்புல அரை டம்ளர் தண்ணியைக் கொதிக்க விட்டு, கட்டைவிரல் அளவுக்கு நறுக்கின சுரைக்காயைப் போட்டு உப்பும் போடுங்க. 4 நிமிஷம் கழிச்சு கத்தரிக்காய், இன்னும் 3 நிமிஷம் போனதும் பீர்க்கங்காய். அது முக்கால் வேக்காடு வந்ததும் பசலையை அரிஞ்சு போட்டு 2 நிமிஷம். தண்ணி போதலையேன்னு ஊத்திடாதீங்க. சுரைக்காயும் பீர்க்கங்காயும் விடற தண்ணியே போதும்.

அரைக்க: தேங்காய்த் துருவல் 3 டேபிள்ஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், பச்சை மிளகாய் 2, பத்து நிமிஷம் ஊறின பச்சரிசி 1 டீஸ்பூன். பருப்பையும் இந்த விழுதையும் காயில சேர்த்தப்புறம் ஒரே ஒரு கொதி. அதுக்கு மேல விட்டா தேங்காய் திரிஞ்சு, மேல எண்ணெயும் கீழ தண்ணியுமாப் பிரிஞ்சிடும். தேங்காய் எண்ணெயில கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டுங்க. தேங்காய் போட்டது வெயில் காலத்துல டப்பாவுல சீக்கிரம் ஊசிப்போகும். கொஞ்சம் ஆறினப்புறம் மூடுங்க.

வெண்டைக்காயை இந்தக் கூட்டுல சேர்க்காதீங்க. கழுவித் துணியால ஒத்தி, ஈரம் போனப்புறம்தான் கத்தி வைக்கணும். அகலமான இரும்புச் சட்டியில ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய் நல்லாக் காய்ஞ்சதும் ஒரே அடுக்காப் பரப்புங்க. மூடி வேண்டாம், தண்ணி தெளிக்க வேண்டாம், சும்மா சும்மா கிளறவும் வேண்டாம். மூடினா ஆவி திரும்ப அதுலேயே விழுந்து கோழை இழுக்கும். உப்பு கடைசியில. முன்னாடியே போட்டா தண்ணி விட்டுக்கும். ஒரு டீஸ்பூன் தயிர் விட்டுப் பிரட்டினா மிச்ச கோழையும் அடங்கும். எட்டு நிமிஷத்துல ஓரம் சிவந்துடும். எட்டுக் காய் பொரியலுக்குக் காணாதுதான். வதக்கினதை மோர்க்குழம்புலயோ, இறக்கப் போற சாம்பார்லயோ போட்டா நாலு தட்டுக்கும் வரும்.

காசிமேட்டுக் குழம்பு

நாலே நாலு கத்தரிக்காய்னா நம்ம பக்கத்துல நெத்திலிக் கருவாட்டுக் குழம்புதான். அதுக்கு மேல காய் போட்டாத்தான் தப்பு.

நெத்திலிக் கருவாடு 50 கிராம். தலையைக் கிள்ளிட்டு வெந்நீர்ல 10 நிமிஷம் ஊற வெச்சு, நாலு தண்ணி அலசுங்க. ஊற வெச்ச தண்ணியோட சேர்த்து சாய்க்காம, கருவாட்டைக் கையால அள்ளி வேற பாத்திரத்துக்கு மாத்துங்க. அப்பத்தான் மணல் அடியிலேயே தங்கும். பாத்திரத்தோட அடியைத் தடவிப் பார்த்தா விரல்ல நெறநெறன்னு படக்கூடாது.

நல்லெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், கடுகு, வெந்தயம் கால் டீஸ்பூன், சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கினதும், காம்போட நாலாக் கீறின கத்தரிக்காயைப் போட்டு தோல் சுருங்கற வரைக்கும், ஒரு 5 நிமிஷம், எண்ணெயிலேயே பிரட்டணும். இந்த இடத்துல அவசரப்பட்டா குழம்பே போச்சு. புளிப்புல காய் லேசுல மெத்துன்னு ஆகாது. பச்சையாப் புளித்தண்ணியில விழுந்த கத்தரிக்காய் அரை மணி கொதிச்சாலும் தோல் ரப்பராத்தான் இருக்கும். தக்காளி 2 போடறதும் காய் வதங்கினப்புறம்தான்.

பிறகு குழம்பு மிளகாய்த்தூள் 2 டேபிள்ஸ்பூன் போட்டு ஒரு பிரட்டு. கருகினா கசக்கும், அதனால தீயைக் குறைச்சுக்கோங்க. எலுமிச்சை அளவு புளியை ரெண்டு டம்ளர் தண்ணியில கரைச்சு ஊத்தி, பச்சை வாசனை போய் எண்ணெய் ஓரத்துல மிதந்து வரணும், 12 நிமிஷம் ஆகும். கருவாடு கடைசி 5 நிமிஷம். போட்டப்புறம் கரண்டி விடாதீங்க, சட்டியைப் பிடிச்சு சுழட்டுங்க, இல்லன்னா நெத்திலி உடைஞ்சு முள்ளாத் தெரியும். உப்பை அப்பதான் ருசி பார்த்துப் போடணும். நெத்திலி பல இடத்துல உப்பில்லாம காயுது, சில இடத்துல உப்புப் போட்டுக் காய வைக்கிறாங்க, பார்த்தாத் தெரியாது. ராத்திரியே வெச்சுட்டா காலையில சூடு பண்ணி டப்பா கட்டறதுதான் வேலை.

முத்தின கத்தரிக்காய் இதுக்கு ஆகாது. கட்டைவிரலால அமுக்கினா பள்ளம் மெதுவா எழும்பி வரணும். தோல் மங்கி, அமுக்கின பள்ளம் எழும்பாம அப்படியே நின்னா உள்ள விதை பழுப்பாயிருக்கும், கசக்கும்.

கொருக்குப்பேட்டை கீரைக்கட்டு

முருங்கைக்கீரை கசக்கறதுக்குப் பாதிக் காரணம் காம்பும் முத்தின இலையும். கரும்பச்சையாத் தடிச்ச இலையை விட்டுட்டு, கிளை நுனியில இருந்து ரெண்டாவது மூணாவது கொத்தை ஒடிங்க. கொத்தாவே தண்ணியில முக்கி அலசி உதறுங்க. உருவினப்புறம் கழுவினா இலை இலையாக் கைக்குச் சிக்காது. ஆலைங்க இருக்கிற எண்ணூர், மணலிப் பக்கத்துக் காத்து வீசற இடத்துல இலை மேல தூசு படியும், அதனால மூணு தண்ணி. ஈரம் உலர்ந்ததும் துணியில சுத்தி ராத்திரி வெச்சுட்டா காலையில உதறினாலே பெரும்பாலும் இலை கொட்டிடும். உட்கார்ந்து உருவற அரை மணி நேரம் மிச்சம்.

பொரியலுக்கு அழுத்தி அளந்த ரெண்டு டம்ளர் இலை. காய்ஞ்ச மிளகாய் 2, வெங்காயம் 1 வதக்கி, இலையை மூணு தடவையாப் போடுங்க, முதல்ல போட்டது சுருண்டதும் அடுத்தது. மொத்தமா அமுக்கினா கட்டியாகறது அதனாலதான். ஒரு கை தண்ணி தெளிச்சு, மூடாம, நடுத்தரத் தீயில 7 நிமிஷம். மூடினா பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும். உதிரி உதிரியா வெந்த துவரம்பருப்பு 3 டேபிள்ஸ்பூன், தேங்காய் 2 டேபிள்ஸ்பூன், சுண்டைக்காய் அளவு வெல்லம். பருப்பு இலைக்கு இலை இடையில உட்கார்ந்துக்கும், ஒட்டாது.

மிச்ச இலையைக் கேழ்வரகு அடையில போடுங்க. மாவு 2 டம்ளர், இலை 1 டம்ளர், வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. சுடுதண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுப் பிசையணும். பச்சைத் தண்ணின்னா தட்டும்போது ஓரம் வெடிக்கும். ஆடி மாசம் கூழ் ஊத்தற வீட்டுல இந்தப் பொரியலும் மேல சொன்ன கருவாட்டுக் குழம்பும் பக்கத்துலயே இருக்கும், அந்தச் சேர்க்கைக்கு ஈடு இல்லை.

திருவொற்றியூர் தண்ணி

கசந்த பீர்க்கங்காயைச் சமைக்காதீங்க, சுரைக்காயையும் அப்படியே. அந்தக் கசப்பு குகுர்பிட்டசின்கிற நச்சுப் பொருள். கொதிக்க வெச்சாலும் உப்புல ஊற வெச்சாலும் போகாது. வாந்தி, வயித்துப்போக்கு வரும், கசந்த சுரைக்காய்ச் சாறு குடிச்சு உயிர் போனதும் உண்டு. தினமும் நறுக்கறதுக்கு முன்னாடி நுனியில மெல்லிசா ஒரு சீவல் எடுத்து நாக்கு நுனியில வெச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு அந்தக் காயை மட்டும் எறிங்க. பை காய்ஞ்சு வெயில்ல வாடின கொடியில இது கூடும். பாகற்காய்க் கசப்பு வேற, அதுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

பருப்பு விஷயம்: கடலோரம் மீஞ்சூர் வரைக்கும் நிலத்தடியில கடல் தண்ணி ஏறின பகுதி நம்முது. போர் தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் பருப்போட சதையைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், எத்தனை விசில் விட்டாலும் அப்படித்தான். காய் கழுவ போர் தண்ணி இருக்கட்டும். பருப்பை ஊற வைக்கவும் வேக வைக்கவும் சென்னைக் குடிநீர் வாரியத்தோட மெட்ரோ தண்ணியோ கேன் தண்ணியோதான். துவரம்பருப்பு அரை மணி ஊறினா 4 விசில் போதும். தக்காளி, புளி ரெண்டும் பருப்பு குழைஞ்சப்புறம். சோடா உப்பு போட்டா குழையும், ஆனா பி1 வைட்டமின் அழியும், சோப்பு வாடையும் வரும். வேண்டாங்க.

தண்டையார்பேட்டை மாடி

ரொம்ப நன்றி. புளி விஷயம் இப்பதான் புரியுது, நான் காயையும் புளியையும் சேர்த்துத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டு நாள் காயைச் சேர்க்கணும்னா எங்க வைக்கறது? பீர்க்கங்காய்த் தோல்ல துவையல் செய்யலாமா?

பெரம்பூர் அடுப்பங்கரை

கத்தரிக்காய்க்கு 10 டிகிரிக்குக் கீழ ஆகாது, ஃபிரிட்ஜ் 4 டிகிரியில இருக்கும், பழுப்பாகறது அதனாலதான். ஈரத்துணி சுத்தி நிழல்ல வையுங்க, ரெண்டு நாள் தாங்கும். தக்காளியும் வெளியிலேயே. வெண்டைக்காயைக் கழுவாம காகிதத்துல சுருட்டி ஃபிரிட்ஜோட அடித்தட்டுல, ரெண்டே நாள். செடியில மட்டும் விட்டு வைக்காதீங்க. பூ உதிர்ந்து அஞ்சாறு நாள்ல நார் ஏறிடும். விரல் நீளத்துல பறிச்சுடுங்க. நுனியை ஒடிச்சா பட்டுனு ஒடியணும், வளைஞ்சா முத்தல்.

துவையல் தாராளமா. தோலும் கசக்கலைன்னு பார்த்துட்டு, கூரான வரம்பை மட்டும் சீவி எறிஞ்சுட்டு, மிச்சத் தோல் ஒரு கப். எண்ணெயில உளுத்தம்பருப்பு 2 டேபிள்ஸ்பூன், காய்ஞ்ச மிளகாய் 4 சிவக்க வறுத்து எடுத்து வெச்சுட்டு, அதே சட்டியில தோலை 7 நிமிஷம் வதக்குங்க. பச்சை வாடை போய்ச் சுருளணும், இல்லன்னா துவையல்ல புல் வாசம் வரும். கோலிக்குண்டு அளவு புளி, பூண்டு 2 பல், தேங்காய் 2 டேபிள்ஸ்பூன், உப்பு, மிளகாய், தோல் எல்லாத்தையும் முதல்ல அரைச்சு, பருப்பைக் கடைசியில போட்டு ரெண்டு சுத்து. தண்ணி ரெண்டு ஸ்பூனுக்கு மேல போகக் கூடாது. சுடு சோத்துல நல்லெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு டப்பாவுல அமுக்கிடுங்க, வெண்டைக்காய் வதக்கல் மேல இருக்கட்டும்.