சென்சார் கூடு: இன்னும் மனதை உறுத்தும் உங்கள் சம்பவத்தைச் சொல்லுங்கள்

மாடிக்காற்று

நானே ஆரம்பிக்கிறேன். முதல்முறை பிஎம்இ280 என்ற வெப்பநிலை, ஈரப்பத சென்சாரை வெளியே மாட்டியபோது மழைக்குப் பயந்து, தூசியும் நீரும் புகாத ஐபி65 ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்தேன். அடியில் நான்கு துளை போட்டு, பெட்டியை மாடியின் கைப்பிடிச் சுவரில் திருகிவிட்டேன். சாம்பல் நிறப் பெட்டி, வெயில் குடித்த சிமெண்ட் சுவர். விஷயம் தெரிந்தவர்கள் இங்கேயே சிரித்திருப்பீர்கள்.

மதியம் மூன்று மணிக்கு 49 டிகிரி காட்டியது. சுற்றுவட்டாரத்தில் மற்றவர்கள் வைத்திருந்த வானிலை நிலையங்கள் எல்லாம் 38, 39. அவர்களுடைய கருவிகள்தான் மட்டம் என்று நினைத்தேன், உண்மையாகவே.

அப்புறம் ஒரு நாள் ஏதோ சந்தேகம் வந்து மாடிக்குப் போய், குடையை விரித்துப் பெட்டிக்கு நிழல் பிடித்தேன். இன்னொரு கையில் போன். 49.2, 48.7, 47.9... கை கடுக்கப் பத்து நிமிடம் நின்றதில் 43 வரை இறங்கிவிட்டது. குடையை மடக்கியதும் மறுபடி ஏறத் தொடங்கியது. அத்தனை நாளும் நான் அளந்துகொண்டிருந்தது பெட்டியின் சூட்டைத்தான். மூன்று வாரத் தரவையும் அன்றிரவே அழித்தேன். அக்கம்பக்கத்து நிலையக்காரர்களிடம் "உங்கள் அளவைச் சரிபாருங்கள்" என்று அனுப்பிய செய்திகளைத்தான் அழிக்க முடியவில்லை.

மண்குளவி

என்னுடையது கடையில் வாங்கிய, வெயிலை மறைத்துக் காற்றை விடும் தட்டடுக்குக் கூடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரம் கிராஃப் விசித்திரமாக வழவழவென்று வந்தது. மேகம் கடந்தால் விழும் சின்னச் சின்ன பள்ளங்கள் காணாமல் போயின. ஈரப்பதம் பகலிலும் தொண்ணூறுக்குக் கீழே வரவில்லை.

கழற்றிப் பார்த்தால் சென்சாரைச் சுற்றி வழித்துப் பூசிய மாதிரி மண். ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்ததும் உள்ளிருந்து பொலபொலவென்று சிலந்திகள் விழுந்தன. செத்தவை என்று நினைத்தேன். ஒன்றின் கால் மெதுவாக மடங்கி நீண்டது. குளவி கொட்டி மயக்கி, தன் புழுவுக்குச் சாப்பாடாக அடைத்து வைத்திருக்கிறது. அந்தக் கால் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

சுத்தம் செய்து மாட்டினேன். மறுநாள் மாலை அதே இடத்தில் ஈர மண். நெருக்கமான வலை கட்டினேன், குளவி வரவில்லை, காற்றும் வரவில்லை. மதிய வெப்பநிலை ஒரு டிகிரி ஏறிவிட்டது. இப்போது வலை இல்லை, வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டு_பிட்

மாடிக்காற்றின் குடைக் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் பழி முழுவதையும் வெயில்மேல் போடுவது சரியில்லை. சென்சாரை இயக்கும் மின்னணு போர்டு எங்கே இருந்தது என்று அவர் சொல்லவே இல்லையே? அதே பெட்டிக்குள் இருந்திருந்தால் பாதிச் சூடு அங்கிருந்து வந்ததுதான்.

எனக்கு அப்படித்தான் ஆனது. இஎஸ்பி32 போர்டுக்கு இரண்டு விரற்கடை மேலே சென்சார், வைஃபை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். நள்ளிரவில், வெயிலே இல்லாத நேரத்தில், பக்கத்தில் தொங்கிய பாதரச வெப்பமானியைவிட 2.5 டிகிரி கூடுதல். இரவில் சோதித்தால் வெயில் எது, மின்சாரம் எது என்று பிரித்துவிடலாம். சென்சாரை ஒரு மீட்டர் வயரில் தனியாக இறக்கி, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அளக்கச் சொன்னேன், வித்தியாசம் போய்விட்டது. இன்னொன்று, பிஎம்இ280-இன் துல்லியமே அதன் தரவுத்தாளில் 0 முதல் 65 டிகிரி வரை ±1 டிகிரிதான். எஸ்எச்டி31 என்ற இன்னொரு சென்சாருக்கு ±0.2. கூட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் முன் உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள்.

மாடிக்காற்று

போர்டு உள்ளேதான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நண்பரே, குடை பிடித்ததும் ஆறு டிகிரி இறங்கியதே, அது வைஃபை பயந்துபோய்ச் செய்த வேலையா?

பாதி_அச்சு

3டி பிரிண்டர் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறை செய்யும் தப்பு: வெள்ளை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் பன்னிரண்டு தட்டு. கோடை வந்ததும் தெற்குப் பக்கத் தட்டுகள் தொங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, கூடு முழுவதும் பல்லிளித்தது. 60 டிகிரியை நெருங்கினாலே பிஎல்ஏ இளகும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள், வெள்ளை நிறம் காப்பாற்றும் என்று நம்பினேன்.

ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. உருகாத ஒரு தட்டைக் கையில் எடுத்து, சும்மா பின்னால் டார்ச் அடித்தேன். விளக்குக் கூடு போல முழுத் தட்டும் ஒளிர்ந்தது! வெயில் இத்தனை நாளும் தட்டுக்குள் புகுந்து நேராக சென்சார்மேல் விழுந்திருக்கிறது. இப்போது வெயில் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக், தடித்த சுவர், மேல்பக்கம் வெள்ளை, கீழ்ப்பக்கம் கறுப்பு. கறுப்பைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சூடாகுமே என்றார்கள். தரையில் பட்டுத் தெறித்து வரும் ஒளி உள்ளே மறுபடி மறுபடி எதிரொளிக்காமல் அங்கேயே நிற்கட்டும் என்றுதான். பலனளித்ததா என்று கேட்டால், காற்றில்லாத மதியத்தில் கொஞ்சம்.

பழைய_பாதரசம்

எல்லோரும் அடிப்படையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். என் கதை சின்னது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வயர் நுழையும் துளையைச் சிலிகான் பசையால் அடைத்தேன். வினிகர் வாடை வந்தது, நல்ல பசை போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்த அமில ஆவி ஈரப்பத சென்சாரைக் கெடுத்துவிட்டது, அதன்பின் அது ஒழுங்காக அளக்கவே இல்லை. வாடை வராத, மின்னணுப் பொருட்களுக்கான சிலிகான் தனியாக இருக்கிறது. முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த மரப்பெட்டியைத்தான் நீங்கள் எல்லோரும் பிளாஸ்டிக்கில் சுருக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இரட்டைச் சாய்பலகைச் சுவர், வெள்ளைப் பூச்சு. கதவு, பூமியின் வட பாதியில் வடக்கே பார்த்து, தென் பாதியில் தெற்கே பார்த்து. கதவைத் திறந்து அளவெடுக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாது. சென்சார் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், கீழே புல் இருக்க வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டியது பெட்டியின் தப்பே இல்லை, இடத்தின் தப்பு.

இடம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். 1922 செப்டம்பர் 13 அன்று லிபியாவின் அல் அஜீஜியாவில் பதிவான 58 டிகிரிதான் பல பத்தாண்டுகள் உலகச் சாதனை. 2012இல் உலக வானிலை அமைப்பு அதைச் செல்லாது என்று தள்ளியது. அளவெடுத்தவருக்குப் பழக்கம் போதாது, கருவி இருந்ததோ தார் போன்ற பரப்பின்மேல். தொண்ணூறு ஆண்டு நின்ற எண்!

அப்புறம் சிலர் அலுமினியத் தாளைச் சுற்றுகிறார்கள், பளபளப்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று. வெயிலைத் திருப்பி அனுப்பும், சரி. ஆனால் வாங்கிய கொஞ்சச் சூட்டையும் வெளியே விடத் தெரியாது. வெள்ளைப் பெயிண்ட் அதைவிட மேல். கேபிளைக் கூட்டுக்கு வெளியே கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு ஏற்றுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இரவில் தெளிந்த வானம், காற்றில்லை என்றால் தட்டுகள் காற்றைவிடக் குளிர்ந்து அளவு குறைவாக வரும், பதறாதீர்கள். மழை விட்டதும் ஈரத் தட்டு உலரும்போதும் அப்படியே. விசிறி போடுவதானால் காற்றை உறிஞ்சும் பக்கம் சென்சார், விசிறி அதற்கு அப்புறம். மோட்டார் சூடு சென்சார்மேல் வீசக்கூடாது. இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் சொல்கிறேன்.

மண்குளவி

இதையும் யாரும் கேட்கவில்லை ஐயா. ஆனால் வினிகர் விஷயம் எனக்குத் தெரியாது. நேற்றுத்தான் அடைத்தேன். கழற்றப் போகிறேன்.

மாடிக்காற்று

இடம் தப்பு என்பது சரிதான். எனக்குத் தரையே கிடையாது, மாடி மட்டும்தான், புல்லுக்கு எங்கே போவது? அதனால்தான் சுவரை விட்டுத் தள்ளி ஒரு கம்பம் நட்டு, தட்டடுக்குக் கூடும் விசிறியும் போட்டேன், ஐயா சொன்ன மாதிரியே விசிறி கடைசியில். காற்று அசையாத மதியத்தில்கூட மற்ற நிலையங்களோடு அரை டிகிரிக்குள் ஒத்துப்போனது. குடையை மறந்தே போனேன்.

போன மாதம் சாதாரணமாகக் கம்பத்தின் அடியில் போய் நின்றேன். எப்போதும் கேட்கும் அந்த மெல்லிய ரீங்காரம் இல்லை. தட்டைத் தட்டினேன், ஒன்றுமில்லை. விசிறி எப்போது நின்றது என்று கிராஃபில் தேடினால் கண்டுபிடிக்கவே முடியவில்லை; மேகமூட்டமான நாட்கள், இரவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன, வெயில் நாட்களில் மட்டும் ஒன்றரை டிகிரி மெதுவாக நுழைந்திருக்கிறது. எந்த நாளிலிருந்து தரவை நம்புவது, எதை அழிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. புதிதாக வாங்கியது மூன்று வயர் விசிறி. மூன்றாவது வயரில் சுழற்சி வேகம் வருகிறது, அதையும் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே பதிவு செய்கிறேன்.