டெக்கன் 8 ஹீட் சிஸ்டம்: ஆடிப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜின் மெயின்

டெக்கன் 8 சண்டைக் கேம் ஜனவரி 26, 2024 வெளியீடு. இதை எழுதுவது 2023 டிசம்பர் கடைசியில், அதனால் இன்னும் சில வாரம்தான். டெமோ டிசம்பர் 14 அன்று பிஎஸ்5-க்கும், 21 அன்று பிசி, எக்ஸ்பாக்ஸுக்கும் வந்துவிட்டது. ஜின், கஸூயா, பால், நீனா என நான்கே பேர் இருந்தாலும் ஹீட் சிஸ்டத்தை (ரவுண்டுக்கு ஒரு தடவை, சில நொடிக்கு நம் ஆளின் பலம் கூடும் நிலை) தெரிந்துகொள்ள அது போதும். "செம", "மொக்கை" என்று தீர்ப்பு எழுத வேண்டாம். டெக்கன் 7-ல் ஊறிப்போன பழக்கத்தில் எது இங்கே வேலை செய்யவில்லை என்று எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன், என் மெயின், அதாவது நான் வழக்கமாக எடுக்கும் ஆள், ஜின். எனக்கு லைஃப் லீட் (உயிர் முன்னிலை) கிடைத்தால் பேக்டாஷ் போட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். எதிராளி தானாக வருவான், ஏதாவது பெரிய அடி வீசித் தவறவிடுவான், நான் பனிஷ் செய்வேன். டெக்கன் 7-ல் எனக்கு அது சோறு போட்ட ஆட்டம். டெமோவில் தம்பியோடு வெர்சஸ் ஆடினேன். பாதி உயிர் முன்னிலை, வழக்கம்போல பின்வாங்கினேன். அவன் ஹீட் பர்ஸ்ட் (ஹீட்டைத் தொடங்கும் அடி) போட்டான். பிளாக் செய்தேன். பிளாக் செய்தும் அவனுக்கே +1, ஒரு ஃபிரேம் (நொடியில் அறுபதில் ஒரு பங்கு) முன்னிலை. அதாவது இருவரும் ஒன்றாக ஜாப் (வேகமான சின்னக் குத்து) அழுத்தினால் அவன் கைதான் முதலில் விழும். அதற்கு மேல், ஹீட்டில் இருப்பவன் அடியைத் தடுத்தாலும் என் பாரில் கொஞ்சம் கரைகிறது. அதே நேரம் அவனுடைய பாரில் சாம்பல் நிறத்தில் கிடந்த பகுதி மெல்ல மெல்ல திரும்ப ஏறுகிறது! நான் கஷ்டப்பட்டு அடித்து இறக்கிய உயிர், என் பிளாக் மேலேயே அடித்து அவன் எடுத்துக்கொள்கிறான்.

சும்மா நிற்பது இதுவரை இலவசம். இனிமேல் அதற்கும் விலை உண்டு.

நீனா மெயின்

அண்ணே, நீங்கள் சொல்லும் சாம்பல் பகுதி எல்லா அடிக்கும் வராது, அதைக் கவனித்தீர்களா? நிற்கும்போது நேராக வாங்கிய அடி போனது போனதுதான். காற்றில் தூக்கிப் போட்டு அடிக்கும் காம்போ, பிளாக் மேல் கரைவது, பவர் க்ரஷ் (அடியைத் தாங்கிக்கொண்டே திருப்பி அடிப்பது) போட்டு நடுவில் தாங்கிய அடி, இவைதான் மீட்கக்கூடியவை. பவர் க்ரஷ் பிடித்தவர்களுக்கு இது பெரிய வரம். டெக்கன் 7-ல் தாங்கிய அடி முழுசாக உயிரில் போகும், இப்போது திருப்பி அடித்தால் கொஞ்சம் மீட்கலாம்.

என் அனுபவம் வேறு மாதிரி. நான் பிளாக்கை விட்டுவிட்டு சைட்ஸ்டெப்புக்கு மாறினேன். ஹீட் நேரம் அடி படும்போதெல்லாம் நின்று நின்றுதான் போகிறது. ஆனால் அடி காற்றில் போனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எதிராளி பதறி வீசுவதையெல்லாம் பக்கவாட்டில் தப்பித்தால் அவருடைய ஹீட் தானாக அவிந்துவிடும். ஒரு ரவுண்டுக்கு ஒரு தடவைதானே, அதை வீணாக்கவைத்தால் மீதி ரவுண்டு முழுக்க ஹீட் உங்கள் கையில் மட்டும்தான் இருக்கும். டிஃபென்ஸ் செத்துப்போச்சு என்று புலம்புகிறவர்கள் இதை ஒரு தடவை ஆடிப் பார்க்கட்டும்.

(நீனா ஹீட்டில் துப்பாக்கி எடுக்கிறாள். அது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.)

ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து வருகிறேன்

டெக்கன் எனக்குப் புதுசு. ஆனால் நீங்கள் இப்போது பேசுவதை அப்படியே நாங்கள் 2022 அக்டோபரில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ன் முதல் பீட்டாவில் பேசினோம்.

அப்போது எல்லோர் வாயிலும் டிரைவ் இம்பாக்ட்தான். இரண்டு அடி வரை தாங்கிக்கொண்டு வந்து மோதும், பிளாக் செய்தாலும் சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் நம்மைச் சுவரில் ஒட்டவைத்துவிடும். முதல் நாள் இரவு யாரோடு ஆடினாலும் அதே பட்டன்தான். "இந்தக் கேம் இவ்வளவுதானா" என்று கடுப்பில் மூடிவிட்டுப் படுத்தேன். ஆனால் அது 26 ஃபிரேம் மெதுவான அடி, கிட்டத்தட்ட அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. கண் பழகியதும் பதிலுக்கு நாமும் இம்பாக்ட் போடலாம், கிட்டே இருந்தால் த்ரோ போடலாம். பீட்டா முடிவதற்குள்ளேயே கண்மூடித்தனமாகப் போடுகிறவர்கள் அடிவாங்க ஆரம்பித்துவிட்டார்கள். வெளியான பிறகு நாங்கள் உண்மையில் பயந்தது வேறு ஒன்றுக்கு: டிரைவ் ரஷ், சட்டென்று முன்னால் பாயும் ஓட்டம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் அடிவாங்கினால்தான் அல்ட்ரா (பெரிய அடி) நிரம்பும். 5-ல் வி-ட்ரிகரும் (கொஞ்ச நேரம் பலம் கூட்டுவது) பெரும்பாலும் அப்படித்தான். தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு ஒரு கடைசிச் சான்ஸ். 6-ல் ரவுண்டு தொடங்கும்போதே டிரைவ் கேஜ் (இம்பாக்ட், ரஷ் எல்லாவற்றுக்கும் செலவாகும் பார்) ஆறு கட்டமும் நிறைந்திருக்கிறது, இருவருக்கும். கணக்குப் பார்க்காமல் செலவழித்தால் பர்ன்அவுட் (கேஜ் காலி) ஆகி நாமே மாட்டிக்கொள்வோம். உங்கள் டெக்கன் 7-ல் ரேஜ் என்பது உயிர் குறைந்தவனுக்குக் கிடைப்பது, ஹீட் முதல் நொடியிலேயே இருவரிடமும் இருக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு பெரிய தொடர்களின் ரசிகர்களும் இந்த மாற்றத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டோம். எனக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கிறது. தோற்றால் பரிசு என்பதைவிட, கையில் இருப்பதை எப்போது எடுப்பது என்று யோசிக்கவைப்பது மேல்.

ஜின் மெயின்

ப்ரோ, அந்த ரேஜ் விஷயம் முக்கியம். ரேஜில் மட்டும் போடக்கூடிய இரண்டு பெரிய அடிகளில் ரேஜ் டிரைவை எடுத்துவிட்டார்கள், ரேஜ் ஆர்ட் மட்டும் இருக்கிறது. டிரெய்லர் பார்த்துச் சேர்த்ததையே எல்லோரும் பேசுகிறோம், எடுத்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ரேஜ் டிரைவை நம்பித்தான் டெக்கன் 7-ல் என் பாதி கம்பேக். உயிர் கொஞ்சம் இருக்கும்போது என் விரல் இன்னும் அந்த இன்புட்டுக்கே போகிறது. ஒன்றும் வருவதில்லை, அடிதான் வருகிறது.

டெக்கன் 3 காலத்து ஆள்

தம்பிகளா, எடுத்துவிட்டார்கள் என்ற அழுகை எங்களுக்குப் பழசு.

டெக்கன் 3-ல் நான் ஜின் ஆடினேன். அப்பா வழி மிஷிமா அடியும் அம்மா வழி கஸாமா அடியும் கலந்த ஆள். 2001-ல் டெக்கன் 4 வந்தது. ஜினை எடுக்கிறேன், பழைய அடி எதுவும் வரவில்லை! கதைப்படி அவன் குடும்பக் கலையை உதறிவிட்டுக் கராத்தேக்கு மாறிவிட்டான். கதை நல்ல கதைதான், என் கைக்கு யார் சொல்வது? போதாக்குறைக்குச் சுவர் அந்தப் பாகத்தில்தான் வந்தது. அதுவரை முடிவில்லாத மைதானம், பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். திடீரென்று முதுகு முட்டுகிறது. தரையும் சில இடத்தில் மேடு பள்ளம். அன்று எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் திட்டினோம்.

டெக்கன் 5-ல் மேடு பள்ளத்தை எடுத்தார்கள், சுவரை வைத்துக்கொண்டார்கள். என் பழைய ஜினையும் டெவில் ஜின் என்ற தனி ஆளாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று சுவர் இல்லாத டெக்கனை நீங்கள் யாராவது ஆடுவீர்களா? காம்போவை நடுவில் நீட்டிக்க 6-ல் பவுண்ட் வந்தது, 7-ல் அதை எடுத்து ஸ்க்ரூ வைத்தார்கள், இப்போது ஸ்க்ரூவை எடுத்து டொர்னேடோ. ஒவ்வொரு தடவையும் காம்போ நோட்டைக் கிழித்துவிட்டுப் புதுசாக எழுத வேண்டியதுதான். அதில் எனக்கு வருத்தமே இல்லை. வருத்தம் எல்லாம் பின்னால் நகரும் ஆட்டத்தைக் கெடுத்தால்தான். டெமோவில் பார்த்தவரை பேக்டாஷ் அப்படியே இருக்கிறது, கை வலிக்கும் அளவுக்கு.

புதுசா சேர்ந்தவன்

எல்லாரும் பெரிய ஆளுங்க, நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எனக்கு இதுதான் முதல் டெக்கன். ஸ்பெஷல் ஸ்டைல்ல ஆடுறேன். மேட்ச் நடுவுலயே ஒரே பட்டன்ல ஆன், ஆஃப் பண்ணலாம். ஆன்ல வச்சா அழுத்துற பட்டனுக்கு என்ன அடி வரும்னு திரையிலயே காட்டுது. காம்போவும் தானா வருது.

அக்கா டெக்கன் 7 நல்லா ஆடுவாங்க. முதல் மேட்ச் நான் ஜெயிச்சுட்டேன், அவங்க முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அடுத்தடுத்த மேட்ச்ல எதுவும் எடுபடலை. எந்தப் பட்டனுக்கு எந்த அடி வரும்னு கண்டுபிடிச்சுட்டாங்க, இருக்கிறதே கொஞ்சம் அடிதானே. ஜாப் போட்டுப் பனிஷ் பண்றதுக்கு எல்லாம் ஸ்டைலை ஆஃப் பண்ணித்தான் ஆகணும். இப்போ காம்போ வரும்போது மட்டும் ஆன் பண்றேன். இது ஏமாத்து வேலையா?

ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து வருகிறேன்

இல்லை தம்பி. எங்கள் பக்கம் மாடர்ன் கண்ட்ரோலில் ஒரே பட்டனில் ஸ்பெஷல் போட்டால் 20 சதவீதம் டேமேஜ் குறையும், அப்படியும் அதை வைத்து நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். தைரியமாக ஆடு.

டெக்கன் 3 காலத்து ஆள்

ஏமாற்று வேலைதான். ஆனாலும் ஆடு. ஆன், ஆஃப் பண்ணி ஆடும் அளவுக்கு வந்துவிட்டாய் என்றால் ஜனவரிக்குள் அந்தப் பட்டனையே மறந்துவிடுவாய்.

நீனா மெயின்

அக்காவையும் இங்கே வரச் சொல். ரவுண்டு தொடக்கத்திலேயே ஹீட் எடுக்கிறார்களா, கடைசிவரை வைத்திருக்கிறார்களா என்று கேட்டுச் சொல். எனக்கு இன்னும் அதில்தான் முடிவு வரவில்லை. சீக்கிரம் எடுத்தால் சுவர் வரை தள்ளிக்கொண்டு போகலாம், வைத்திருந்தால் எதிராளி பயந்து பயந்து அடிக்கிறார். இப்போதைக்குக் கஸூயாவோடு ஆடினால் மட்டும் முதலிலேயே எடுத்துவிடுகிறேன். அவனை முந்தவிட்டால் டெவிலாகிவிடுகிறான்.