டைபெப்டைடை வகுப்பில் செய்து காட்டுவது எப்படி?

வணக்கம். பிளஸ் டூவுக்கு டைபெப்டைடு நடத்துகிறேன். இரண்டு அமினோ அமிலம், நடுவே ஒரு பெப்டைடு பிணைப்பு, அதுவரை சிக்கலில்லை. "எங்கே இருக்கு சார்?" என்கிறார்கள். ஆட்டுக்கறியிலும் நம் தசையிலும் கார்னோசின், கோழியிலும் சூரை மீனிலும் அன்செரின். செயற்கை இனிப்பான அஸ்பார்டேம்கூட ஒரு டைபெப்டைடின் மெத்தில் எஸ்டர்தான் (கடைசி பெஞ்சும் நிமிர்ந்தது!).

செய்து காட்டத்தான் வழி தெரியவில்லை. புரதத்தைக் கண்டறியும் பையூரெட் சோதனையில் ஊதா வர குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்பு வேண்டும். அமினோ அமிலத்தை நிறத்தால் காட்டும் நின்ஹைட்ரின் சோதனையோ தனி அமினோ அமிலத்துக்கும் நிறம் காட்டிவிடும். அஸ்பார்டேம் மாத்திரையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சி, காய்ச்சாததன் பக்கத்திலேயே தாள் குரோமட்டோகிராபி (கலவையைத் தாளில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) ஓட்டி, பிணைப்பு உடைந்ததைக் காட்டலாமா? யாராவது செய்திருந்தால் அமிலச் செறிவு, நேரம், கரைப்பான் விகிதம் சொல்லுங்கள். மாத்திரையின் மற்ற சேர்ப்புகள் இடைஞ்சல் தருமா? எங்கள் ஆய்வகத்தில் புகைபோக்கி அறை கிடையாது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.