புதுப்பிப்பு: டிசையருக்கு டயர் மாற்றியாச்சு

என் பழைய மாருதி டிசையர் காருக்கு அதே 165/80 ஆர்14 அளவு டயர் (165 என்பது மில்லிமீட்டரில் அகலம்) போடுவதா, அகலமான 185-க்குப் போவதா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். 165-லேயே நின்றுவிட்டேன். அகலம் கூடினால் மைலேஜ் அடிபடும். தினமும் தருமபுரி - கிருஷ்ணகிரி போய்வரும் எனக்குக் கட்டுப்படியாகாது.

முதல் கடையில் "புது ஸ்டாக் சார்" என்றார்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 0922. அதாவது 2022-ன் ஒன்பதாவது வாரத் தயாரிப்பு! தள்ளுபடி தருகிறேன் என்றார், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லி இங்கே பதில் போட்ட அண்ணனுக்கு நன்றி.

வேறு கடையில் போட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஆகிறது. சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நல்ல மழை. பழைய முன் டயர்களில் காடி (டயர் மேல் உள்ள பள்ளம்), மாற்ற வேண்டும் என்று காட்டும் 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டை வரை தேய்ந்திருந்தது. அந்த டயர்களோடு இதே இறக்கத்தில் பிரேக் மிதிக்கவே பயப்படுவேன். இப்போது வண்டி நேராக நிற்கிறது. 80-ஐத் தாண்டினால் மட்டும் 'ஊ' என்று ஒரு இரைச்சல்.

முதல் இரண்டு நாள் ஸ்டியரிங் இடதுபக்கம் இழுத்தது. டயரைத்தான் திட்டினேன், பாவம். வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்ததும் சரியாகிவிட்டது. பழைய பின் டயரில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னியாக வைத்திருக்கிறேன்.