ஒரே பிரவுனி மாவில் நாலு சுவை: எதை உள்ளே கலப்பது, எதை மேலே போடுவது?

சேலத்து மாம்பழம்:
வணக்கம் எல்லாருக்கும். இந்தத் தீபாவளிக்கு லட்டு, மிக்சரோடு பிரவுனியும் செய்து, பெட்டி போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கையில் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி (மின் அடுப்பு), 8 அங்குலச் சதுர டின், ஹேண்ட் பீட்டர். சாதா சாக்லேட் பிரவுனி நன்றாகவே வருகிறது, மேலே அந்த மெல்லிய மினுமினுப்பான ஏடும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஆனால் அதே மாவில் காபி டிகாக்‌ஷனோ ஆரஞ்சுச் சாறோ கருப்பட்டிப் பாகோ ஊற்றினால் ஏடும் வருவதில்லை, உள்ளே ஃபட்ஜியாக, அதாவது அடர்த்தியாகக் கொழகொழவென்று இல்லாமல் கேக் ஆகிவிடுகிறது. எனக்கு வேண்டியது ஒரே மாவைப் பிசகாமல் செய்து நாலு சுவையாகப் பிரித்துச் சுடும் வழி. காபி, ஆரஞ்சு, கருப்பட்டி கட்டாயம் வேண்டும், நாலாவது உங்கள் யோசனை. அப்புறம் மாமியார் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டார்கள், அவர்களுக்குத் தயிர் போட்ட பிரவுனி கொடுக்க எனக்கு மனசில்லை, அது கேக்தான். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கோவை அடுமனை:
தங்கச்சி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது பாருங்கள். டிகாக்‌ஷன், சாறு, பாகு மூன்றும் தண்ணீர். பிரவுனி மாவில் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம், மைதா குறைவு, அதனால்தான் அது ஃபட்ஜி. அதில் தண்ணீரை ஊற்றினால் மைதாவுக்குக் குடிக்க ஈரம் கூடுகிறது, அடுப்பில் ஆவி கூடுகிறது, மாவு எழும்புகிறது, கேக். நான் பல வருஷமாக ஆர்டருக்குச் செய்கிறேன், கடைப்பிடிப்பது ஒன்றே ஒன்று: காய்ந்த சுவையும் கொழுப்பில் கரையும் சுவையும் மாவுக்குள், ஈரமான சுவை எல்லாம் சுட்டு ஆறிய பிறகு மேலே.

முதலில் அடிப்படை மாவைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் 8 அங்குல டின்னுக்குச் சரியாக இருக்கும். வெண்ணெய் 120 கிராம், டார்க் சாக்லேட் 150 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 3, மைதா 75 கிராம், கோகோ பவுடர் 30 கிராம், வெனிலா ஒரு டீஸ்பூன். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். பேக்கிங் பவுடர், சோடா எதுவும் வேண்டாம், முட்டையே போதும்.

நம் ஊர்ச் சர்க்கரை பெரிய பெரிய கல்லாக இருக்கிறது, அப்படியே போட்டால் முட்டையில் முழுதாகக் கரையாது. அந்த மேல் ஏடு என்பது முட்டையில் கரைந்த சர்க்கரை மேலே வந்து காய்ந்து உறைவதுதான், அதனால் மிக்சியில் ஒரு சுற்று விட்டு நைசாக்கிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஐசிங் சுகரில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும், அதைவிட வீட்டில் அரைத்ததே மேல். முட்டையும் சர்க்கரையும் வெளிறி, பீட்டரைத் தூக்கினால் நாடாவாக விழும் வரை அடியுங்கள், 4 அல்லது 5 நிமிஷம் ஆகும். சாக்லேட்டும் வெண்ணெயும் கொதிக்கும் தண்ணீர் மேல் வைத்த பாத்திரத்தில் உருகட்டும். அந்தப் பாத்திரத்தில் ஈரம் இருந்தால் சாக்லேட் திரிதிரியாகக் கட்டிப் போகலாம், துடைத்துவிட்டு வையுங்கள். உருகியது கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது முட்டையில் ஊற்றிக் கலக்கி, மைதாவையும் கோகோவையும் சலித்துப் போட்டு, பீட்டரை ஓரம் வைத்துவிட்டு ஸ்பேட்டுலாவால் மடித்துச் சேருங்கள். வெள்ளைக் கோடு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

காம்பவுண்டா நிஜ சாக்லேட்டா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. மேலே வரி போடவும், பெட்டியில் உருகாமல் நிற்கவும் அது வசதிதான், மாவுக்குள் மட்டும் வேண்டாம். பிரவுனியில் சாக்லேட்டைத் தவிர ஒளிந்துகொள்ள வேறு எதுவும் இல்லை, மட்டமானதைப் போட்டால் நாக்கில் மெழுகு ஒட்டியது போலத் தெரிந்துவிடும். 55 சதவீதம் டார்க் இந்தச் சர்க்கரை அளவுக்குப் பொருந்தும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது, அந்தக் கோகோவில் செய்த சாக்லேட் கிடைத்தால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

சுடுவது 170 டிகிரி, மேல் கீழ் இரண்டு ராடும், நடுத்தட்டு, ஃபேன் வேண்டாம். டின்னில் 25 நிமிஷத்தில் பார்க்க ஆரம்பியுங்கள். டூத்பிக் சுத்தமாக வந்தால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஈரத்துகள் நாலைந்து ஒட்டி வர வேண்டும், மாவாக வழியக் கூடாது.

சேலத்து மாம்பழம்:
ரொம்ப நன்றி அக்கா. அப்படியானால் காபியை எப்படி உள்ளே கொண்டுவருவது? எங்கள் வீட்டில் இருப்பது சிக்கரி கலந்த ஃபில்டர் காபித்தூள்தான். ஒரே டின்னில் நாலு மூலைக்கு நாலு சுவை போட்டால் சரிவருமா?

கோவை அடுமனை:
ஃபில்டர் தூள் நேராகப் போட்டால் பல்லில் நறநறக்கும். இன்ஸ்டன்ட் தூள் இரண்டு டீஸ்பூன் எடுத்து உருகிய சாக்லேட், வெண்ணெயிலேயே கரைத்துவிடுங்கள், அந்தச் சூட்டில் ஓரளவு கரைந்துவிடும், மீதி சுடும்போது கரையும். ஃபில்டர் வாசனைதான் வேண்டும் என்றால் தூளை உருகிய வெண்ணெயில் போட்டு, சின்னத் தீயில் பத்து நிமிஷம் வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தூள் கொஞ்சம் வெண்ணெயைக் குடித்துவிடும், 15 கிராம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சுக்குச் சாறே வேண்டாம், இரண்டு பழத்தின் மேல் தோலை, வெள்ளைப் பகுதி வராமல் சீவி, அரைத்த சர்க்கரையோடு விரலால் நன்றாகத் தேய்த்து வையுங்கள். தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கி, டப்பாவைத் திறந்தால் அறையே மணக்கும். நான் கமலா ஆரஞ்சு கிடைக்கும் காலத்தில் அதையே பயன்படுத்துவேன், தோல் மெல்லிசு, பார்த்துச் சீவ வேண்டும்.

ஒரே டின்னில் நாலு சுவை வேண்டாம். ஒரு பகுதியில் பருப்பு, ஒரு பகுதியில் க்ரீம் சீஸ் என்றால் வேகும் நேரம் வேறு வேறு. ஒன்று வெந்து முடியும்போது இன்னொன்று கூழாக இருக்கும். பிறந்தநாள் கடைகளில் விற்கும் சின்ன அலுமினிய ஃபாயில் டப்பா நாலு வாங்கி, மாவை எடைபோட்டுப் பிரித்து ஊற்றுங்கள். ஆழம் ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் 16 நிமிஷத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். பிரித்த பிறகு சுவை சேர்ப்பதால் அளவைக் காலாகக் குறைக்க மறக்காதீர்கள். இன்ஸ்டன்ட் காபி அரை டீஸ்பூன் போதும், உருகிய சாக்லேட்டை ஒரு ஸ்பூன் முன்னாலேயே எடுத்துவைத்து அதில் கரைத்துச் சேருங்கள். ஆரஞ்சுக்கும் அப்படித்தான், அரைப் பழத்தின் தோலை மொத்தச் சர்க்கரையிலிருந்து எடுத்து வைத்த ஒரு ஸ்பூனில் தேய்த்து மடித்துவிடலாம்.

நெல்லை கருப்பட்டி:
கருப்பட்டி பற்றி நான் சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பொருள். மாவுச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடாதீர்கள். அதில் ஈரமும் உண்டு, மண்ணும் உண்டு, தட்டிப் போட்டால் முட்டையில் ஒழுங்காக அடிபடாது, ஏடு சுத்தமாக வராது. அதைச் சாஸாக்கி மேலே ஊற்றுங்கள். 150 கிராம் கருப்பட்டியை 50 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அடிகனமான சட்டியில் கொதிக்கவிட்டு, கம்பிப் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு 40 கிராம் வெண்ணெய், நாலு ஸ்பூன் கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை சுக்குப் பொடி, கல் உப்பைப் பொடித்து ஒரு சிட்டிகை. தேங்காய்ப்பாலைக் கொதிக்கும் பாகில் ஊற்றினால் திரிந்துவிடக்கூடும், அணைத்துக் கொஞ்சம் பொறுத்து ஊற்றுங்கள். நல்ல கருப்பட்டியில் லேசான புகை மணம் இருக்கும், டார்க் சாக்லேட்டின் கசப்புக்கு அது அவ்வளவு பொருத்தம், சாதா கேரமலில் இது கிடைக்காது. சர்க்கரை கலந்த கருப்பட்டி நிறைய வருகிறது, உடைத்து வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பிரவுனி சூடாக இருக்கும்போது ஊற்றினால் உள்ளே இறங்கிவிடும். முழுசாக ஆறட்டும், ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், அப்புறம் ஊற்றுங்கள். மேலே வறுத்த எள்ளு தூவுங்கள்.

சிகாகோ சமையல்கட்டு:
நான் இருக்கும் ஊர்தான் பிரவுனிக்குப் பிறந்த வீடு என்று இங்கே சொல்வார்கள், அதனால் ஒரு வார்த்தை. 1893ல் சிகாகோவில் கொலம்பிய உலகக் கண்காட்சி நடந்தபோது, பாமர் ஹவுஸ் ஹோட்டல் உரிமையாளரின் மனைவி பெர்த்தா பாமர், கண்காட்சிக்கு வரும் பெண்களின் மதிய உணவுப் பெட்டியில் வைக்க, கேக் துண்டைவிடச் சின்னதாக, கையில் எடுத்துச் சாப்பிடும்படி ஒரு இனிப்பு கேட்டதாகவும், சமையல்காரர்கள் இதைச் செய்ததாகவும் அந்த ஹோட்டல் சொல்லிவருகிறது. அதே ஹோட்டலில் இன்றைக்கும் வால்நட்டும் மேலே ஆப்ரிகாட் பூச்சும் போட்ட பிரவுனி கிடைக்கும். நான் சாப்பிட்டிருக்கிறேன், கனமான இனிப்பை அந்தப் புளிப்புப் பூச்சு வெட்டிக்கொடுக்கிறது. டாப்பிங் இருக்க வேண்டிய காரணமே அதுதான் என்பது என் கருத்து. மேலே இன்னும் சாக்லேட், இன்னும் நியூடெல்லா என்று அடுக்குகிறவர்கள் எனக்குப் பிடிபடவில்லை, இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

அதனால் உங்கள் ஆரஞ்சுப் பிரவுனிக்கு மேலே ஆரஞ்சு மார்மலேடை (தோல் சேர்த்த ஜாம்) இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, வடிகட்டி, ஆறிய பிரவுனி மேல் பிரஷ்ஷால் தடவுங்கள். நாலாவது சுவைக்கு வால்நட். 160 டிகிரியில் 8 நிமிஷம் தனியாக வறுத்து, ஆறவைத்து, கையால் உடைத்து, பாதி மாவுக்குள், பாதி மேலே. வறுக்காமல் போட்டால் மாவுக்குள் நமத்துப்போய்க் கசக்கும்.

தஞ்சை ஓவியா:
வால்நட் விலைக்கு நான் கடலைமிட்டாய்தான் சொல்வேன்! கோவில்பட்டிக் கடலைமிட்டாயை ஒன்றிரண்டாக உடைத்து, சுட ஆரம்பித்துப் பாதி நேரம் போன பிறகு கதவைத் திறந்து சட்டென்று தூவி மூடுங்கள். முதலிலேயே போட்டால் வெல்லம் உருகி உள்ளே மூழ்கிவிடும், கடைசியில் போட்டால் ஒட்டாது. கடலையும் சாக்லேட்டும் எப்போதும் சேரும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓரத்துண்டுக்குச் சண்டை போடுவது இதற்குத்தான்.

மயிலை பெரியம்மா:
முட்டையில்லாததைப் பற்றி யாரும் சொல்லவில்லையே அம்மா. தயிர் முக்கால்வாசித் தண்ணீர், அதனால்தான் உனக்குக் கேக் ஆகிறது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை எடுத்து வை. ஊறவைத்த தண்ணீர் இல்லை, வேகவைத்தது. அதில் கடலையின் புரதம் இறங்கியிருப்பதால் முட்டை வெள்ளை மாதிரியே நுரைக்கும், 2014ல் ஒரு பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டு எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. சுண்டலுக்கு வேகவைக்கும்போது உப்பு போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைத் தனியாகச் சுண்டவிடு. ஆறியதும் முட்டை வெள்ளைப் பதத்தில் கொழகொழ என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்.

அதில் 120 மில்லி எடுத்து, எலுமிச்சை நாலு சொட்டு விட்டு, அரைத்த சர்க்கரை 200 கிராமையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்தால் பளபள என்று கெட்டியாக வரும், பத்து நிமிஷம் பொறுமை வேண்டும். மஞ்சள் கரு இல்லாததால் பிடிமானம் குறைவு, மைதாவை 110 கிராமாகக் கூட்டி, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர். சாக்லேட், வெண்ணெய், கோகோ எல்லாம் மேலே சொன்ன அளவேதான். ஏடும் வரும், கடலை வாசனையும் தெரியாது. சுட்டதும் தொட்டால் ரொம்ப மெத்தென்று இருக்கும், பயப்படாதே, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தால்தான் அது கெட்டிப்படும். இதை அவசரமாகச் செய்து அன்றைக்கே வெட்டக் கூடாது.

வெண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்பார்கள். ஊற்றலாம், நெய்யில் தண்ணீர் இல்லாததால் 120 கிராமுக்குப் பதில் 100 கிராம் போதும். ஆனால் நெய் மணம் சாக்லேட்டை அமுக்கிவிடும், எனக்கு அது பிடிக்காது.

சேலத்து மாம்பழம்:
பெரியம்மா, சுண்டல் தண்ணீர் யோசனை அருமை! எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, ஒரு பெட்டி பஸ் பார்சலில் மதுரைக்குப் போக வேண்டும், அது நல்லபடியாகப் போய்ச் சேருமா? எவ்வளவு நாள் தாங்கும்?

கோவை அடுமனை:
போய்ச் சேரும், எதை அனுப்புகிறீர்கள் என்பதில் இருக்கிறது. கருப்பட்டி சாஸ், கனாஷ் (க்ரீமில் உருக்கிய சாக்லேட்), க்ரீம் சீஸ் போட்டதெல்லாம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள், தேங்காய்ப்பால் சேர்ந்ததை அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். மதுரைக்குக் காபியும் கடலைமிட்டாயும் போகட்டும், மேலே ஈரம் இல்லாததால் வெளியே மூன்று நாள் தாங்கும். டின்னோடு ஒரு ராத்திரி குளிரவைத்து, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைத்து வெட்டினால் ஓரம் உதிராது. துண்டுகளைத் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி, பெட்டியில் ஆடாமல் இறுக்கமாக அடுக்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே பெட்டியை மூடினால் உள்ளே வியர்த்து மேல் ஏடு பிசுபிசுத்துவிடும், சுற்றிய பிறகு ஒரு மணி நேரம் வெளியே வைத்து, அப்புறம் மூடுங்கள். பகல் பஸ் வேண்டாம், ராத்திரி பஸ்ஸில் போடுங்கள்.