2011 மூடலா, மார்க்கெட் மந்தமா? திருப்பூரை அதிகம் அடித்தது எது?

மட்டுறுத்துநர்:
பருத்தி விலை பற்றிய விவாத இழையில் ஆரம்பித்த சண்டை தனி இழையாகப் பிரிக்கப்படுகிறது. விஷயம் இதுதான். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டுப்போன வழக்கில், கழிவுநீரை முழுதாகச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தாத சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது. "திருப்பூரின் இடுப்பை ஒடித்தது அந்த உத்தரவுதான், மற்றதெல்லாம் சில்லறை" என்பது பட்டறைவாசல் அவர்களின் வாதம். ஆளைத் தாக்காமல் பேசுங்கள்.

பட்டறைவாசல்:
சொன்னதில் மாற்றமில்லை. பனியன் தொழில் சங்கிலி மாதிரிங்க. நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். நடுவில் சாயம் நின்றால் முன்னால் இருப்பவனுக்குத் துணி போக வழியில்லை, பின்னால் இருப்பவனுக்குத் துணி வராது. மூடியது சாயப்பட்டறையை, ஆனால் கூலி போனது பவர் டேபிளில் (தையல் மெஷினில்) உட்கார்ந்திருந்தவருக்கு. நெய்த துணியை லாரியில் ஏற்றி அகமதாபாத், லூதியானா என்று அனுப்பி சாயம் போட்டு வாங்கினார்கள். போக வர நாள் போச்சு, லாட்டுக்கு லாட் ஷேடு மாறிச்சு. உடம்புத் துணி ஒரு நீலம், காலர் ரிப் இன்னொரு நீலம் என்று வந்தால் பையர் (சரக்கு வாங்கும் கம்பெனி) எடுப்பானா?

நூல்மண்டி:
சங்கிலி சரி. காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். 2010 தொடக்கத்தில் பருத்தி கண்டி (356 கிலோ) 30,000 ரூபாய்க்குக் கீழே இருந்தது. 2011 மார்ச்சில் 60,000ஐத் தாண்டியது, அந்த ஆண்டு நடுவிலேயே பாதிக்குப் பக்கமாக விழுந்தது. உச்சத்தில் நூல் வாங்கி வைத்தவன் சரக்கோடு சேர்ந்து மூழ்கினான். பையருக்குக் கொடுத்த விலையோ ஆறு மாசத்துக்கு முன் பேசியது. இந்த அடி ஜனவரி 28க்கு முன்னாலேயே விழ ஆரம்பித்தாச்சு.

கோர்ட்டே இல்லாத ஆண்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் கண்டி ஒரு லட்சத்தைத் தொட்டது. 2022-23இல் 34,000 கோடி ரூபாய் அளவில் இருந்த திருப்பூர் ஏற்றுமதி அடுத்த ஆண்டே 30,000 கோடியைச் சுற்றி இறங்கியது. அப்போது பட்டறைகளை மொத்தமாக யாரும் மூடவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைக்காரன் கிடங்கில் பழைய சரக்கு தேங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது நின்ற ஆர்டருக்கு நொய்யல் என்ன பண்ணும்?

நொய்யல்பாசனம்:
இரண்டு பேரும் ஏற்றுமதிக் கணக்கே போடுகிறீர்கள். ஆற்றுக்குக் கீழே இருப்பவனுக்கு 2011 ஒரு முடிவு, தொடக்கம் கிடையாது. 1990களில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்றுதான் வந்தது. கடைசியில் சாயத் தண்ணீர்த் தொட்டியாகி, "திறக்காதீர்கள்" என்று விவசாயியே கேட்கும் நிலைக்குப் போனது. அணை நீரைத் திறக்க வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரன் கெஞ்சுவது வேறு எந்த ஊரில் நடக்கும்?

2004 டிசம்பரில் இழப்பீட்டு ஆணையம் 68 கிராமங்களில் 28,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நிர்ணயித்த தொகை ஏறக்குறைய 25 கோடி. ஆளுக்கு வகுத்தால் 9,000 ரூபாய்கூட வராது. ஒரு கிணற்றைத் தூர் வாரவே அது பத்தாது. 2006இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்து, வெளியேற்றும் கழிவு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதம் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் விடவில்லை. அதற்குப் பிறகுதான் மூடல். திடீரென்று இடி விழுந்த மாதிரிப் பேசாதீர்கள்.

பட்டறைவாசல்:
கெடு கொடுத்தார்கள், ஒத்துக்கிறேன். கெடுவுக்குள் வேலை செய்யும் தொழில்நுட்பம் யார் கையில் இருந்தது? ஆர்.ஓ. போட்டால் முடிந்தது என்று விற்றார்கள். ஆர்.ஓ. தண்ணீரைப் பிரிக்கும், உப்பை எங்கே கொண்டு போவது?

மெம்பிரேன்:
இந்த இழையில் உப்பு என்ற சொல் இப்போதுதான் வருகிறது. கணக்கை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர். அடர் ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் கிலோவுக்கு 360 கிராம். பழைய வகைச் சாய மெஷினான வின்ச்சில் 15 லிட்டர் பிடிக்கும், அதே ஷேடுக்கு 900 கிராம். வின்ச்சை மாற்றியதே பாதிச் சுத்திகரிப்பு என்று சொல்வேன். இந்த உப்பில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. சாயத்தை இழைப்பக்கம் தள்ளிவிட்டு அப்படியே வடிகாலுக்கு வரும். பிறகு 60 டிகிரியில் சோடா ஆஷ், அப்புறம் சோப்பிங், கழுவல்.

தினம் 5 டன் போடும் ஒரு பட்டறை. ஷேடு கலந்து கிலோவுக்குச் சராசரி 250 கிராம் என்றால் நாளுக்கு 1,250 கிலோ உப்பு. கழுவல் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 60 லிட்டர் வைத்தால் 3 லட்சம் லிட்டர் கழிவுநீர். உப்பினால் மட்டும் கரைதிடம் (நீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்) லிட்டருக்கு 4,000 மில்லிகிராமுக்கு மேல், சோடாவும் மூலத் தண்ணீரில் இருப்பதும் தனி. ஆற்றில் விட அனுமதி 2,100. நிறத்தை எடுத்துக் கண்ணாடி மாதிரி விட்டாலும் உப்பு அப்படியே இருக்கும். தெளிந்த தண்ணீரைக் காட்டிப் பல ஆண்டு ஏமாற்றியது இப்படித்தான்.

சாயத் தொட்டி நீரை மட்டும் தனியே பிரித்து வெயிலில் காயவைப்பதும் நடந்தது. அந்தப் பட்டறைக்கு அது தினம் 30,000 லிட்டர். ஒரு நாளைக்கு நாலரை மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தாலும் ஒன்றரை ஏக்கருக்கு மேல் தொட்டி வேண்டும். உப்பு ஏற ஏற ஆவியாவதும் குறையும். ஐப்பசி மழை வந்தால் தொட்டி நிரம்பி, இரவோடு இரவாக ஓடைக்குப் போகும்.

பட்டறைவாசல்:
நன்றி. 2011க்குப் பிறகு எப்படி ஓடியது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மெம்பிரேன்:
நுண்ணுயிர்த் தொட்டி, நிற நீக்கம், அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், அடுத்தடுத்து ஆர்.ஓ. 85 முதல் 90 சதவீதம் தண்ணீர் திரும்ப வரும். கடினத்தன்மை இல்லாத நீர், சாயத்துக்கு ஊர்க் கிணற்றைவிட நல்லது. மிச்சம் இருக்கும் ரிஜெக்ட், அதாவது உப்பு செறிந்த கழிவுநீர்தான் தலைவலி. திருப்பூர் பக்கம் அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் நானோ ஃபில்ட்ரேஷனில் நிறத்தையும் கடினத்தன்மையையும் பிடித்து, உப்புக் கரைசலைத் திரும்பச் சாயத்துக்கே கொடுக்கும் வழியை நிரூபித்தார்கள். அப்படித் திரும்பாத பங்கு, நீராவியால் சூடேற்றித் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகும்.

எல்லோரும் கிளாபர் உப்பு (சோடியம் சல்ஃபேட்) மட்டும் போட்டால் கரைசலைக் குளிரவைத்தே படிகம் எடுத்துவிடலாம். சோடியம் சல்ஃபேட் 32 டிகிரிக்குக் கீழே வேகமாகக் கரைதிறன் இழக்கும். சாதாரண உப்பு அப்படி இழக்காது. விலை குறைவு என்று நிலையத்தில் சேர்ந்த ஒரு உறுப்பினர் பட்டறை சாதா உப்பு மூட்டையைப் பிரித்தால் போதும், இரண்டும் கலந்து எதற்கும் உதவாத கலவை உப்பாகும். அது மூட்டை மூட்டையாக ஷெட்டில் ஏறும். மழைக்காலக் காற்றில் ஈரம் இழுத்துக் கசியும்.

நூல்மண்டி:
செலவைச் சொல்லுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 200 ரூபாய் என்று வைத்தால் கிலோ துணிக்கு 12 ரூபாய். கிலோவுக்கு ஆறு டி-ஷர்ட் வரும். ஒரு சட்டைக்கு இரண்டு ரூபாய்! இதற்கா தொழில் செத்தது?

பட்டறைவாசல்:
அந்த இரண்டு ரூபாயைச் சட்டை விற்பவன் தருவதில்லையே, அதுதான் வழக்கே. சாயப்பட்டறை ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவன் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடுவது. கிலோ ரேட்டு, 90 நாள் கடன். கிலோவுக்கு 12 ரூபாய் அவன் மார்ஜினைவிடப் பெரிசு. சிட்டகாங்கிலோ டாக்காவிலோ இருக்கும் போட்டியாளனுக்கு இந்தச் செலவே இல்லை. பையர் விளம்பரத்தில் 'பசுமை' போட்டுக்கொள்வான், விலைப் பேச்சில் அந்தச் சொல் வராது. மூடிய பிறகு மாநில அரசு கொடுத்த 200 கோடி வட்டியில்லாக் கடன் நிலையங்களை எழுப்பிவிட உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. எழுந்த பிறகு தினப்படி மின்கட்டணம் யார் கட்டுவது?

மெம்பிரேன்:
நூல்மண்டி ஐயா சொன்ன 200 ரூபாய் நிலையம் முழு லோடில் ஓடும்போது. மந்தத்தையும் மாசையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாத இடம் இதுதான்.

ஆர்டர் பாதியானால் தண்ணீரும் பாதி. செலவு பாதியாகாது. கடன் தவணை, ஆள், மெம்பிரேன் தேய்மானம் அப்படியே நிற்கும். எவாப்பரேட்டரை அரை வேகத்தில் ஓட்டினால் நீராவிக் கணக்கு உதைக்கும். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் குழாயில் கால்சியமும் சிலிகாவும் காரை கட்டி, ஆசிட் கழுவல் அடிக்கடி வரும். ஆர்.ஓ.வைச் சும்மா விட்டால் உள்ளே கிருமிப் படலம் பிடிக்கும், ஒரு சதவீதம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் நிரப்பிப் பூட்ட வேண்டும். நுண்ணுயிர்த் தொட்டி பட்டினி கிடக்காது. கொரோனா ஊரடங்கு மாதிரி வரத்து நின்றால் சாணி, வெல்லக் கரைசல், யூரியா, டி.ஏ.பி. போட்டு, காற்றையும் நிறுத்தாமல் ஊதி, உயிரோடு வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் மறுபடி கட்டியெழுப்ப வாரங்கள் ஆகும்.

எனவே பாதி லோடில் ஆயிரம் லிட்டர் செலவு 300ஐத் தாண்டிப் போகும். கையில் காசு இல்லாத நேரம் பார்த்து உறுப்பினருக்கு பில் ஏறுகிறது. அப்போதுதான் ஊருக்கு வெளியே தோட்டத்து ஷெட்டில் இரண்டு வின்ச் போட்டுச் சாயம் ஏற்றுபவன் முளைக்கிறான். 2011க்குப் பிறகு ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் அனுமதியில்லாத பட்டறைகள் கிளம்பியது சும்மா இல்லை.

நொய்யல்பாசனம்:
அதாவது நொய்யலின் நோயைக் காவிரிக்கும் மாற்றிக்கொடுத்தோம்.

நூல்மண்டி:
குடிநீர்க் கம்பெனியும் இதே மாதிரிதான் மாட்டியது. நாளுக்கு 18.5 கோடி லிட்டருக்குத் திட்டமிட்ட திருப்பூர்க் குடிநீர்த் திட்டம் பட்டறைகளை நம்பி நின்றது. பட்டறை மூடினதும், பிறகு பழைய நீரையே திருப்பிப் பயன்படுத்தினதும், அதன் பெரிய வாடிக்கையாளரே போய்விட்டார். நல்லது நடந்தாலும் யாரோ ஒருவர் கணக்கு உடையும்.

வழி ஒன்று இருக்கிறது. மின்வாரியம் டிமாண்ட் சார்ஜ் வாங்குகிற மாதிரி, சுத்திகரிப்புக்கும் இரண்டு பாகக் கட்டணம். உறுப்பினரின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவுக்கு நிலையான தொகை, ஓடிய லிட்டருக்குத் தனித் தொகை. லிட்டர் ரேட்டு குறைவாக இருந்தால் திருட்டுத்தனமாக ஓடையில் விடுவதில் லாபமே இருக்காது.

பட்டறைவாசல்:
மூடிக்கிடக்கும் பட்டறை மாதா மாதம் நிலையான தொகை கட்டணுமா? வரி வந்து ஆர்டர் நின்ற மாதத்தில் அந்த பில்லையும் அனுப்புங்கள், சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். ஏற்றுமதிக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று நேராக நிலையத்துக்கே கட்டட்டும். சாயப்பட்டறையை வசூல் ஏஜென்ட் ஆக்காதீர்கள்.

நொய்யல்பாசனம்:
யார் கட்டினாலும் சரி, கண்காணிப்பை மாற்றுங்கள். இரவு ரெய்டில் பிடிப்பது பாதிதான். உப்பு எரியாது, ஆவியாகாது. அந்த 5 டன் பட்டறை மாதம் 25 நாள் ஓடினால் 31 டன் உப்பு உள்ளே போயிருக்க வேண்டும். வாங்கிய பில், நிலையத்திலிருந்து திரும்பிய கரைசலில் உள்ள உப்பு, ஷெட்டில் ஏறிய கலவை உப்பு, மூன்றையும் எடைபோட்டுப் பாருங்கள். இடிக்கும் டன் எங்கே போனது என்று பட்டறைதான் பதில் சொல்ல வேண்டும்.

கீழே நிலத்தையும் மறக்கவேண்டாம். சோடியம் ஏறிய களிமண் இறுகிக் கிடக்கிறது. மண் பரிசோதனையைப் பொறுத்து ஏக்கருக்கு இரண்டு டன்னோ அதற்கு மேலோ ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கி, வடிகால் வழியாக உப்பை வெளியேற்ற வேண்டும். ஒரு தடவை 10 சென்டிமீட்டர் நிறுத்தவே 4 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 34 நடை. ஜிப்சம் கிடைக்கும். அந்த நல்ல தண்ணீர்தான் கிணற்றில் இல்லை.

பட்டறைவாசல்:
உப்புக் கணக்குக்கு நான் எதிரி இல்லை. ஒரு திருத்தம்: உறுப்பினர் பட்டறைக்கு மட்டும் போடாமல் உப்பு விற்கும் மொத்த வியாபாரியிடமும் கணக்கு வாங்குங்கள். தோட்டத்து ஷெட்டுக்காரன் உறுப்பினர் பட்டியலில் எங்கேயும் இருக்கமாட்டான், உப்பு மட்டும் எங்கேயோ வாங்கித்தான் ஆகணும்.